கொழும்பு எங்கே இருக்கிறது? – புறநகரின் வேலைவாய்ப்புகளும் நாமும்

கொழும்பில் வேலை என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் மனதில் வருவது மூன்று பெயர்கள்தான்: புறக்கோட்டை, மருதானை, வெள்ளவத்தை. அதற்குக் காரணம் உண்டு. தீவகத்திலிருந்து ஒரு காலத்தில் தொழில் தேடிப் போனவர்கள் அங்கேதான் போனார்கள். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, காரைநகர் ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு நகரங்களிலும் கடை வைத்தார்கள். ஊரிலிருந்து உறவுக்காரப் பெடியன்கள் பின்னால் போய், கடையிலேயே தங்கித் தொழில் பழகினார்கள். 1983 யூலையில் அந்தக் கடைகள் பல எரிந்தன. அதற்குப் பின் பலர் கொழும்பைத் தாண்டி கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டார்கள். ஆனால் பெரியவர்களின் மனதில் இருக்கும் கொழும்பு வரைபடம் மட்டும் மாறவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வேலைவாய்ப்புப் பக்கத்தை விரித்து முகவரிகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். இராஜகிரிய, பத்தரமுல்லை, தலவத்துகொடை, மாலபே, கடுவெல, நுகேகொடை, மஹரகம, ஹோமாகம என்று வரும். இந்தப் பெயர்களை நான் வாசித்துக் காட்டியபோது வாப்பா கேட்டது, "அது எங்க கிடக்கு மகள், கண்டிப் பக்கமா?" என்றுதான். நான் உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். பரீட்சை முடிந்ததும் எங்கள் வகுப்பில் பலருடைய வீடுகளிலும் இந்தப் பேச்சு வரப்போகிறது. அதனால் இந்த இடங்கள் எவை, அங்கே என்ன வேலை இருக்கிறது, அதற்கு எங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று தேடிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். தோழிகள் மட்டுமல்லாமல் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கொழும்பு மாநகரம் வளர்ந்துகொண்டே போகிறது என்று நாம் நினைக்கிறோம். மாநகர எல்லைக்குள் மட்டும் பார்த்தால் கணக்கு வேறு. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறக்குறைய ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். 2012இல் அது ஐந்தரை இலட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டது. அதே 2012இல் கடுவெல பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் இரண்டரை இலட்சம் பேர். அதாவது நகரத்தின் நடுப்பகுதியில் ஆட்கள் குறைய, அதைச் சுற்றியுள்ள பகுதி பெருக்கிறது. கடுவெல 2011இல் மாநகர சபையாகவும் தரமுயர்ந்தது.

இது எப்படி நடந்தது? முதற் காரணம் பாராளுமன்றம். ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்தபின் தலைநகரைக் கோட்டேக்கு மாற்ற முடிவெடுத்தார். தியவன்னா ஓயாவைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தைத் தோண்டி, ஏரியாக்கி, அதன் நடுவில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாராளுமன்றம் போன இடத்துக்கு அரச அலுவலகங்களும் ஒவ்வொன்றாகப் போயின. பத்தரமுல்லையில் செத்சிறிபாய, கல்வி அமைச்சு இருக்கும் இசுறுபாய, கடவுச்சீட்டுக்காக நாம் அலையும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் எல்லாம் இப்போது அங்கேதான். பரீட்சைத் திணைக்களமும் பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கிறது. நாங்கள் இரவிரவாகப் பயப்படும் வினாத்தாள் பத்தரமுல்லையிலிருந்துதான் வேலணைக்கு வருகிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது காரணம் படிப்பு. 1999இல் தொடங்கிய இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகம் மாலபேயில் பெரிய வளாகம் அமைத்தது. ஹோமாகம பிட்டிபனையில் என்.எஸ்.பி.எம். பசுமைப் பல்கலைக்கழகம் 2016இல் திறக்கப்பட்டது. நுகேகொடைப் பக்கம் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம், நாவலயில் திறந்த பல்கலைக்கழகம், மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகம் என்று முன்பே இருந்தவையும் உண்டு. படித்து முடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் இருந்தால் அவர்களை வேலைக்கு எடுக்கும் கம்பனிகள் அருகிலேயே வருவது இயல்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய தேவை மென்பொருளுக்கு இல்லை. மின்சாரம், இணையம், படித்த பிள்ளைகள், கோட்டையை விடக் குறைந்த விலையில் காணி ஆகியவை இருந்தால் போதும்.

வர்த்தகப் பிரிவுத் தோழிகளுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பங்குச் சந்தை பற்றிப் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? உலகின் மிகப் பழைய சந்தைகளில் ஒன்றான இலண்டன் பங்குச் சந்தையில் பங்குகள் கைமாறுவது, இலங்கையில் எழுதப்பட்ட மென்பொருள் ஒன்றின் வழியாக. 1996இல் இங்கே தொடங்கப்பட்ட மிலேனியம் ஐ.ரி. என்ற கம்பனி மாலபேயில் இருந்து அதை உருவாக்கியது. 2009இல் இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் அந்தக் கம்பனியையே வாங்கிவிட்டது. 2011 முதல் இலண்டனில் அந்த மென்பொருள் ஓடுகிறது. பத்து மைல் தூரத்துக் கிராமம் என்று நேற்றுவரை சொல்லப்பட்ட ஓரிடத்தில் இது நடந்திருக்கிறது.

மூன்றாவது காரணம் வீதி. கொட்டாவையிலிருந்து காலிக்கு 2011இல் அதிவேகப் பாதை திறந்தது. பின்னர் கொழும்பைச் சுற்றும் வெளிவட்டப் பாதை கொட்டாவையிலிருந்து கடுவெலவுக்கு 2014இலும், அங்கிருந்து கடவத்தைக்கு 2015இலும், கெரவலப்பிட்டிக்கு 2019இலும் நீண்டது. இதனால் கொழும்புக்குள் நுழையாமலே கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக முடிகிறது. ஆனால் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதிவேகப் பாதையால் வரும் நன்மை குறைவு. அவளுக்கு உதவியிருக்கக்கூடியது கோட்டையிலிருந்து மாலபே வரை ஜப்பானியக் கடனுதவியுடன் திட்டமிட்ட இலகு ரயில். அது 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. இராஜகிரியவில் 2018இல் மேம்பாலம் கட்டினார்கள். அப்படியும் காலை எட்டு மணிக்கு 177 இலக்க பஸ்ஸில் கடுவெலவிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் வருவது பொறுமைக்கு ஒரு பரீட்சை என்று என் ராத்தா சொல்கிறார்.

ராத்தா என்றது பெரியம்மாவின் மகளை. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வர்த்தகம் படித்து, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்று, பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனவர். இப்போது இராஜகிரியவில் ஒரு கணக்கீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறார். நான் அவரிடம் தொலைபேசியில் கேட்டுக் குறித்ததுதான் இக்கட்டுரையில் பெரும் பகுதி.

அவர் செய்யும் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் இன்னும் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. இங்கிலாந்தில் சிறு கம்பனிகள், கடைகள், உணவகங்கள் தங்கள் கணக்கைத் தாங்கள் எழுதுவதில்லை. அங்குள்ள கணக்காளரிடம் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்காளர் அதை இணையம் வழியாக இலங்கைக்கு அனுப்புகிறார். இங்கே இருப்பவர்கள் பற்றுச்சீட்டுகளைப் பதிந்து, வங்கிக் கூற்றுடன் இணக்கம் செய்து, இறுதிக் கணக்குகளைத் தயாரித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். நாங்கள் கொப்பியில் செய்யும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் தேய்மானமும்தான். கணினியில், ஆங்கிலத்தில், பவுணில் செய்ய வேண்டும். அங்கே தனிநபர் வரி அறிக்கைக்குக் கடைசி நாள் ஜனவரி 31 என்பதால் ஜனவரி மாதம் இராஜகிரியவிலும் நித்திரை இல்லை. இங்கிலாந்து நேரம் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் (கோடையில் நாலரை). அதனால் வேலை பிந்தித் தொடங்கிப் பிந்தி முடியும். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்: பிள்ளை இரவில் எப்படி விடுதிக்குத் திரும்புவாள், கம்பனி வாகனம் தருமா என்பதை வேலையை ஏற்குமுன் கேட்க வேண்டும்.

இதற்குப் பட்டம் கட்டாயமில்லை. ராத்தா ஏ.ஏ.ரி. முடித்து, ஆங்கிலம் படித்து, அங்கே சேர்ந்தார். ஏ.ஏ.ரி. பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். அதற்கு மேலே, 1959இல் அமைக்கப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகள் உண்டு, சீமாவும் உண்டு. யாழ்ப்பாணத்திலேயே உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தில் கணக்கியலிலும் தகவல் தொழில்நுட்பத்திலும் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் வெளிவாரிப் பட்டமும் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. ஒரு கதவு மூடிவிட்டது என்பதே சரி.

கணினித்துறை என்றதும் கணிதப் பிரிவு மாணவியர் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நிரல் எழுதுபவர் அந்தத் துறையில் ஒரு பகுதிதான். எழுதிய மென்பொருளைப் பிழை தேடிச் சோதிப்பவர், திரையில் எது எங்கே வரவேண்டும் என்று வரைபவர், பயனாளருக்கு விளக்கக் குறிப்பு எழுதுபவர், வாடிக்கையாளருடன் பேசுபவர் என்று பலர் வேண்டும். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபின் இந்தப் பாதை இன்னும் அகன்றிருக்கிறது.

கலைப்பிரிவுத் தோழிகள் கோபிக்கக் கூடாது, உங்களுக்கும் வருகிறேன். உண்மையில் என் கணிப்பில், தமிழ் பேசும் பெண்ணுக்கு அந்தப் பகுதியில் மிகக் குறைவான போட்டியுள்ள வேலை மொழியோடு சேர்ந்தது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஒரு சுற்றறிக்கை, ஒரு படிவம், ஒரு சட்டமூலம் என்று எது வந்தாலும் தமிழிலும் வரவேண்டும். அதை மொழிபெயர்க்க ஆட்கள் போதாது. கிடைக்கும் தமிழைப் பார்த்தாலே அது தெரியும். பஸ்ஸிலும் அலுவலகப் பெயர்ப்பலகையிலும் இருக்கும் தமிழை வாசித்து நாங்கள் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்! அந்தப் பலகையைச் சரியாக எழுதுவது ஒரு சம்பள வேலை. இலங்கை மொழிபெயர்ப்பாளர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை உண்டு. அரசகரும மொழிகள் திணைக்களம் இராஜகிரியவில்தான் இருக்கிறது. வங்கிகளும் தொலைபேசிக் கம்பனிகளும் தமிழில் பதில் சொல்ல ஆட்களை எடுக்கின்றன. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு நாடெங்குமிருந்து நோயாளர் வருகிறார்கள். வருத்தத்தோடு வந்த ஒரு வயதான உம்மாவுக்கு, எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்க ஒரு தாதி கிடைத்தால் அது எவ்வளவு ஆறுதல்! விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தோழிகள் வைத்தியர் கனவோடு தாதியர் பயிற்சியையும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

ஆனால் இவை அனைத்துக்கும் சிங்களம் வேண்டும். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2007 யூலைக்குப் பின் அரச சேவையில் சேர்பவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதி இருக்கிறது. தனியார் துறையில் அப்படி எழுதிய விதி இல்லை. ஆனால் ராத்தா முதல் ஆறு மாதம் மதியச் சாப்பாட்டு மேசையில் ஊமையாக இருந்தாராம். வேலை ஆங்கிலத்தில் நடந்தது. சிரிப்பு சிங்களத்தில் நடந்தது. இப்போது அவர் எங்களை விட நன்றாகச் சிங்களப் பகிடி விடுகிறார். புத்தளத்தில் சில வருடங்கள் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது. எழுதத் தெரியாது. அதற்காகச் சனிக்கிழமை வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறேன்.

எல்லா வேலையும் கணினிக்கு முன் குளிரூட்டிய அறையில் இருக்கிறது என்று யாரும் நினைக்கக் கூடாது. கொழும்பின் வடக்குப் புறத்தில் இன்னொரு புறநகர் இருக்கிறது. 1978இல் கொழும்புப் பெரும்பாகப் பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டு, கட்டுநாயக்கவில் நாட்டின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அடுத்து பியகம. தூரத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள்தான் அங்கே போனார்கள், போகிறார்கள். ஆடை ஏற்றுமதி அவர்கள் கையால் நடக்கிறது. சாதாரண தரம் சரிவராத பிள்ளைக்கும் அங்கே வேலை உண்டு. வாப்பா வங்களாவடிச் சந்தியில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் சொன்னது ஒன்று: "நான் ஒரு சேட்ட முழுசாத் தைப்பன். அங்க ஒரு பிள்ளை நாள் முழுக்கக் கொலர் மட்டும் தைக்கும். பத்து வருசம் போனாலும் அதுக்குச் சேட் தைக்க வராது." இது கொஞ்சம் கடுமையான தீர்ப்புத்தான். ஆனாலும் மணித்தியாலத்துக்கு இத்தனை என்ற இலக்கு, ஒரு சின்ன அறையில் பலர் தங்கும் போடிங் வாழ்க்கை, இரவு வேலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், தையலுக்காகக் கட்டுநாயக்க வரை போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆடைத் தொழிற்சாலை கிளிநொச்சியிலும் இருக்கிறது.

எந்த வேலையானாலும் நியமனக் கடிதத்தைக் கையில் வாங்காமல் ஒரு நாளும் வேலை செய்யக் கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுதாக முதலாளியுடையது, எங்களிடம் கழிக்கக் கூடாது. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் பிள்ளைகள் வாய் மூடி இருக்கிறார்களாம். கணக்கீடு படித்த பிள்ளையே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

பெற்றோர் வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருக்கும் இரண்டு பயங்களைப் பற்றியும் எழுதாவிட்டால் இது பாதிக் கட்டுரைதான். ஒன்று, எங்கள் உடை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முந்தானை போட்ட பெண்ணைப் பார்த்த பார்வையே மாறியிருந்தது. அந்த வருடம் அரச பெண் உத்தியோகத்தர்கள் சேலையோ ஒசரியோதான் அணிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக் கிளம்பியபின் மாற்றப்பட்டது. ராத்தா ஹிஜாபுடன்தான் வேலைக்குப் போகிறார். நேர்முகப் பரீட்சையில் ஓர் இடத்தில் "இதைக் கழற்ற முடியுமா?" என்று கேட்டார்களாம். முடியாது என்று சொல்லி வந்துவிட்டார். அடுத்த இடத்தில் கேட்கவே இல்லை. இப்போதைய அலுவலகத்தில் லுஹர் தொழக் கூட்ட அறையைத் திறந்து கொடுக்கிறார்கள். எல்லா இடமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு சேரலாம் என்று சொல்கிறேன்.

மற்றையது, பிரிவு. வாப்பா யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு 12 வயது. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் செய்து, யுத்தம் முடிந்தபின் உம்மாவின் குடும்பக் காணி இருந்ததால் வேலணைக்கு எங்களைக் கூட்டிவந்தார். பாழாய்க் கிடந்த கிணற்றை இறைத்து, கூரை போட்டு, சந்தியில் கடை திறக்க அவருக்குப் பல வருடம் எடுத்தது. "ஒருக்கா ஊர விட்டு அனுப்பினாங்க. திரும்பி வந்திட்டம். இப்ப நாங்களாப் போகவா?" என்று அவர் கேட்கும்போது மாலபேயின் சம்பளக் கணக்கை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

நான் சொன்ன பதில் இது. துரத்தப்பட்டவனுக்குத் திரும்பும் நாள் கையில் இல்லை. நான் போனால் கோட்டையில் இரவு ரயில் ஏறி விடியப் பண்ணைப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வருவேன். ரயிலும் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னார், படிச்சிட்டு வீட்டிலேயே இருந்து அந்தக் கணினி வேலையைச் செய்ய முடியாதா என்று. கேள்வி சரியானதே. கொரோனாக் காலத்திலும் 2022இல் பெற்றோல் இல்லாத காலத்திலும் அந்தப் புறநகர்க் கம்பனிகளே ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னன. யாழ்ப்பாணத்திலும் கணினி நிறுவனங்கள் தொடங்கியிருக்கின்றன. ஆனால் முதல் நாளிலேயே வீட்டிலிருந்து செய்யும் வேலையை அனுபவமில்லாத ஒருவருக்குக் கொடுப்பது அரிது என்று ராத்தா சொல்கிறார். அருகில் இருந்து பிழை திருத்த ஒருவர் முதல் இரண்டு வருடம் வேண்டுமாம். அதன்பின் பாதி மாதம் இராஜகிரிய, பாதி மாதம் ஊர் என்று இருப்பவர்கள் அவருடைய அலுவலகத்திலேயே இருக்கிறார்கள்.

செலவுக் கணக்கையும் பெற்றோர் முதலே போட்டுப் பார்க்க வேண்டும். ராத்தாவுக்கு ஆரம்பத்தில் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அறை வாடகைக்குப் போனது. சாப்பாடு, பஸ், ஏ.ஏ.ரி.க்கு மேற்பட்ட படிப்பின் கட்டணம் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் வருடத்தில்தான் பெரியம்மாவுக்குப் பணம் வரத் தொடங்கியது. அதுவரை பெரியம்மா அரிசி, மிளகாய்த்தூள், ஒடியல்மா, கருவாடு எல்லாம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கருவாட்டுக்கு மட்டும் விடுதி அம்மா தடை போட்டாராம்.

வாப்பா இப்போது எனக்கு மூன்று கேள்வி எழுதித் தந்திருக்கிறார். தங்குமிடம் பெண்களுக்கு மட்டுமானதா, அதை நடத்துபவர் யார்? நடந்துபோகும் தூரத்தில் பள்ளிவாசலும் எங்கள் ஆட்களும் உண்டா? வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் இறங்கினால் வாசல் வரை வெளிச்சம் உண்டா? முதல் இரண்டுக்கும் ராத்தா பதில் அனுப்பிவிட்டார். மூன்றாவதற்கு, "வாப்பாவையே ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லு, 177இல் நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று எழுதியிருக்கிறார். பரீட்சை முடிந்த கையோடு போவதாகப் பேச்சு இருக்கிறது. கடையை இரண்டு நாள் பூட்ட வேண்டும் என்பதுதான் வாப்பாவுக்கு இப்போதைய கவலை.